கப்பல் வந்தது, பெயர் வரவில்லை: பஃபரில் நான் தொலைத்த ஏழு மாதம்

திருகோணமலையில் படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், விஎச்எஃப் ரேடியோ திருத்துவதுதான் என் தொழில். 2022 பெப்ரவரியில் ஒரு தங்கச்சி என் கடைக்கு வந்தார். திமிங்கிலங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். நம் கடலில் எந்தக் கப்பல் எப்போது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று இடைவிடாமல் பதிய ஒரு பெட்டி வேண்டும் என்றார். உவர்மலையில் அவருடைய மாமா வீட்டு மொட்டைமாடியில் நின்றால் உட்துறைமுகம் முழுவதும் தெரியும், அங்கேயே வைக்கலாம். சிக்னல் வாங்கும் ரிசீவர், சோலர் தகடு, பற்றரி எல்லாம் அவரிடமே இருந்தன. ரிசீவரில் இருந்து வரும் வரிகளை எஸ்டி கார்டில் எழுதிக்கொடுப்பது மட்டும்தான் என் வேலை. "ஒரு மாசம் போதும் தங்கச்சி" என்று 65,000 ரூபாய்க்குப் பேசி, 25,000 முற்பணமும் வாங்கிக்கொண்டேன். சரியாக வேலை செய்யும் பெட்டியைக் கொடுத்தபோது செப்டம்பர்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நாடு விட்டு நாடு போகும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் எல்லாம் ஏஐஎஸ் என்ற கருவியை வைத்திருக்க வேண்டும். அது 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் தன் இடத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஓடும் கப்பல் சில விநாடிகளுக்கு ஒரு முறை, நங்கூரம் போட்ட கப்பல் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை. ரிசீவர் அதைப் பிடித்து, ஆச்சரியக்குறியில் தொடங்கும் ஒரு வரியாக 38400 போட், அதாவது விநாடிக்கு 38400 பிட் வேகத்தில் வெளியே தள்ளும். ஒரு வரி அதிகபட்சம் 82 எழுத்து. ஒவ்வொரு வரியும் 82 இல்லை என்பதுதான் என் தலையில் விழுந்த கல், அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் செய்தது சாதாரணமான வேலை. நிரல் ஏற்றி ஓட்டும் சின்னக் கணினிப் பலகையான அர்டுயினோ ஊனோ ஒன்று, ஒரு எஸ்டி கார்ட் தட்டு, 20 எழுத்து 4 வரி எல்சிடி. திரையில் நேரம், பற்றரி வோல்ட், வந்த வரிகளின் எண்ணிக்கை எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்க அழகாக இருந்தது, அந்த அழகுக்காகத்தான் திரையை வைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மேசையில் வைத்து ஜிபிஎஸ் ஒன்றை இணைத்து ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன், கோப்பு நிறைய வரிகள். சரி, முடிந்தது என்று கொண்டுபோய் மாடியில் பூட்டினேன்.

ஒரு கிழமை கழித்துத் தங்கச்சி போன் எடுத்தார். "அண்ணா, கப்பல் ஓடுறது எல்லாம் வருது. ஆனா ஒண்டுக்கும் பெயர் இல்லையே?" போய்ப் பார்த்தேன். உண்மைதான். சீனக்குடாப் பக்கம் எண்ணெய் இறக்க வந்த கப்பல், மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல், தூரத்தில் கடந்து போகிறவை எல்லாம் ஒன்பது இலக்க அடையாள எண்ணாக மட்டும் நின்றன. அவருக்குக் கப்பலின் வகையும் நீளமும் முக்கியம், அது இல்லாமல் ஆராய்ச்சிக்கு இந்தக் கோப்பால் பாதிப் பயன்கூட இல்லை.

இங்கேதான் நான் முதலாவது பிழை விட்டேன். ரேடியோக்காரனின் மூளை ரேடியோவைத்தான் சந்தேகிக்கும். பெயர் வரும் தகவல் நீளமானது, சிக்னல் பலவீனமாக இருந்தால் நீளமானது முதலில் கெட்டுப்போகும், ஆகவே அன்ரெனாவை உயர்த்தினால் சரிவரும் என்று நினைத்தேன். கேட்க நியாயமாக இருந்தது, அதனால் சோதித்துப் பார்க்கவே இல்லை. நல்ல கோஆக்ஸ் வயரும் கனெக்டர்களும் 14,000. குழாய்க் கம்பம் நட்டு இழுவைக் கம்பி கட்ட ஆள் கூலியோடு 6,000. இது நடந்தது மார்ச் கடைசியில், நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவித்த நாட்களில். துளையிடும் மெஷினுக்குக் கரண்ட் வரும் நேரம் பார்த்து மாடியில் காத்திருந்தேன். உயர்த்திய பிறகு இன்னும் தூரத்துக் கப்பல்கள் தெரிந்தன. அவற்றுக்கும் பெயர் இல்லை.

ஏப்ரல் முழுவதும் வெட்கத்தில் தங்கச்சியின் போனை இரண்டு முறை எடுக்காமல் விட்டிருக்கிறேன். அவர் திட்டியிருந்தால்கூட மனது லேசாகியிருக்கும். "பரவாயில்லை அண்ணா, ஆறுதலாப் பாருங்கோ" என்றுதான் சொன்னார், அதுதான் நித்திரையைக் கெடுத்தது.

துப்புக் கிடைத்தது ஒரு பாய்மரப் படகால். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் சின்னப் படகை உட்துறைமுகத்தில் நிறுத்தியிருந்தார். கோப்பைப் புரட்டும்போது அந்தப் படகின் பெயர் மட்டும் சுத்தமாக, திரும்பத் திரும்ப இருந்தது. இத்தனை பெரிய கப்பல்களுக்கு இல்லாத பெயர் இந்தத் துண்டுப் படகுக்கு எப்படி வந்தது? ஒரு நிமிடம் பெரிய கப்பல் எல்லாம் கள்ளக் கடத்தலோ என்றுகூட யோசித்தேன், சிரிக்காதீர்கள். அன்று இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் வரிகளின் நீளத்தை எண்ணத் தொடங்கினேன்.

கணக்கு இப்படி இருந்தது. கப்பல் தன் இடத்தைச் சொல்லும் தகவல் 168 பிட். ஆறு பிட்டுக்கு ஓர் எழுத்தாக மாற்றினால் 28 எழுத்து, முன்னும் பின்னும் உள்ள சாமான்களோடு ஒரு வரி 49 எழுத்து, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று 49 பைட். பெரிய கப்பல் தன் பெயர், வகை, நீளம், போகும் துறைமுகம் எல்லாவற்றையும் சொல்லும் தகவல் 424 பிட். அது ஒரு வரிக்குள் அடங்காது. 82 வரை போகும் ஒரு வரியும் 33 அளவில் இன்னொரு வரியுமாக ஒட்டிக்கொண்டு வரும், மொத்தம் சுமார் 115 பைட். சின்னப் படகுகள் பாவிப்பது வேறு வகைக் கருவி, அது பெயரைத் தனியாக ஒரு குட்டித் தகவலாக அனுப்பிவிடும். அதுவும் ஏறத்தாழ 49 பைட்தான். அதாவது என் பெட்டி குட்டையான எதையும் ஏற்றுக்கொண்டது, நீளமான எதையும் விழுங்கிவிட்டது. சிக்னலில் ஒரு பிழையும் இல்லை.

ஊனோவுக்குள் வரும் பைட்டுகள் நிற்கும் வரிசை, அதாவது பஃபர், 64 பைட். வளையமாகச் சுற்றி எழுதும் முறை என்பதால் ஓர் இடம் எப்போதும் வெறுமையாக இருக்கும், ஆகவே 63. சிப்புக்கு உள்ளே வன்பொருளாக இருப்பது வெறும் இரண்டு பைட்தான், 64 என்பது மென்பொருள் போட்டுக் கொடுத்த பாய். 38400 போட் என்றால், ஒரு பைட்டுக்குத் தொடக்கப் பிட்டும் முடிவுப் பிட்டும் சேர்த்து பத்துப் பிட், ஆக விநாடிக்கு 3840 பைட். 64 பைட் நிறைய 17 மில்லிவிநாடி கூட ஆகாது. சரி, என் நிரல் எவ்வளவு நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தது? அளந்து பார்த்தேன். அந்த அழகான எல்சிடியின் 80 எழுத்தையும் ஒரு முறை புதுப்பிக்க ஏறக்குறைய 100 மில்லிவிநாடி! அந்த நேரத்துக்குள் 49 பைட் வந்தால் வரிசையில் நிற்கும். 115 பைட் வந்தால் 63 நிற்கும், மிச்சம் காற்றோடு போகும். இன்னொரு கொடுமை, வால் அறுந்த அந்த வரிக்கு முடிவுக்குறி இருக்காது. ஆகவே அடுத்து வந்த அப்பாவி வரியும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே கெட்டது.

நீங்கள் இப்படி ஒரு வேலைக்கு இறங்குவதாக இருந்தால், சாமான் வாங்க முதல் ஒரு தாளில் இரண்டே இரண்டு எண்ணை எழுதுங்கள். ஒட்டிக்கொண்டு வரக்கூடிய மிக நீளமான தகவல் எத்தனை பைட், உங்கள் நிரல் வாசிக்காமல் இருக்கும் மிக நீளமான இடைவெளி எத்தனை மில்லிவிநாடி. சராசரியைப் பார்க்கவே வேண்டாம், நான் சராசரியைப் பார்த்துத்தான் கெட்டேன். இடைவெளியை ஊகிக்கவும் கூடாது, நிரலின் ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நேரம் என்று அளந்து அதில் ஆகப் பெரியதை மட்டும் ஒரு நாள் முழுக்கச் சேமித்துப் பாருங்கள். எஸ்டி கார்ட் இருந்தால் இன்னும் கவனம். வழக்கமாகச் சில மில்லிவிநாடியில் எழுதி முடிக்கும் கார்ட், தன் உள்வேலைக்காக இடைக்கிடை மௌனமாகிவிடும், அது கால் விநாடி வரை போகலாம். கால் விநாடி என்றால் இந்த வேகத்தில் 960 பைட். 2048 பைட் மட்டுமே ரேம், அதாவது தற்காலிக நினைவகம், உள்ள ஊனோவில், கார்டுக்கே 512 கொடுத்துவிட்ட பிறகு, இதற்கு எங்கே இடம்?

அடுத்த பிழை என் கர்வத்தால் வந்தது. எல்சிடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நிரலைத் திருத்தினாலே முக்கால்வாசி சரிவந்திருக்கும். ஆனால் 'தரவு தொலையக்கூடாது என்றால் தனி பஃபர் சிப் போட வேண்டும்' என்று பழைய பாடப்புத்தக ஞாபகம். ஃபைஃபோ என்று சொல்வார்கள், முதலில் போனது முதலில் வெளியே வரும், கோயில் வரிசை மாதிரி. ஒரு பக்கம் ஒரு வேகத்தில் எழுதலாம், மறுபக்கம் இன்னொரு வேகத்தில் வாசிக்கலாம். 7202 என்ற எண்ணுள்ள சிப் 1024 பைட் பிடிக்கும். எனக்குப் பிடித்தது அதில் ஒவ்வொரு இடமும் எட்டுப் பிட் இல்லை, ஒன்பது பிட் என்பது. நீளம் மாறி மாறி வரும் தகவலுக்கு அந்த ஒன்பதாவது பிட் ஒரு வரப்பிரசாதம், வரி முடியும் பைட்டில் மட்டும் அதை 1 ஆக்கிவிட்டால் மறுபக்கம் வாசிக்கிறவருக்கு எல்லை தெரியும். ஒரு ஊனோ ரிசீவரின் வரிகளை வாங்கி ஃபைஃபோவில் எழுத மட்டும், இன்னொரு ஊனோ வாசித்துக் கார்டில் போடவும் திரை காட்டவும், நடுவில் ஃபைஃபோ. கடதாசியில் வரைந்தபோது நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

இங்கே கிடைக்கவில்லை. இரவு மெயில் ரயிலில் ஏறி, கல்லோயாவில் நின்று நின்று கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டைக் கடைகளில் கேட்டேன். ஒரு நானா கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "தம்பி, இது நான் கடைக்கு வந்த புதுசில வித்த சாமான். இப்ப ஆரு கேக்குற?" கடைசியில் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் ஆறு சிப், கனடாவில் இருக்கும் மச்சானின் கார்டில். தபாலோடு 43 டொலர். நான் விலை பேசிய பெப்ரவரியில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360. அதே பொதி 8,600க்குப் பதிலாக 15,500. வெளியில் இருந்து சாமான் வரும் வேலைக்கு ரூபாயில் முழு விலை பேசி முடிக்காதீர்கள், கூலியைத் தனியாகவும் சாமானைத் தனியாகவும் எழுதிக்கொள்ளுங்கள். இதை எனக்குச் சொல்ல நாட்டின் பொருளாதாரமே விழ வேண்டியிருந்தது.

ஏழு கிழமை கழித்துப் பொதி வந்தது. ஈயம் வைத்து ஒட்டும் துளைப் பலகையான வெரோபோர்டில் பூட்டினேன். முதல் நோய், எழுத்துகள் இரட்டித்தன. 'ஏ' ஒன்று போனால் இரண்டு வெளியே வந்தது. இந்தச் சிப்புகளுக்கு எழுது என்று சொல்லும் கம்பியில் சின்ன நடுக்கம் இருந்தாலும் இரண்டு முறை எழுதிவிடும். நீளமான ஜம்பர் வயரைக் குறுக்கி, ஒவ்வொரு சிப்பின் காலடியிலும் 0.1 மைக்ரோஃபராட் கப்பாசிற்றர் ஒன்று வைத்த பிறகுதான் அடங்கியது. அதற்கு இரண்டு கிழமை. பெற்றோல் வரிசையில் நிற்கும்போதெல்லாம் மனதுக்குள் அந்தக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது நோய் இன்னும் சுவாரசியம். ஃபைஃபோ நிறைந்துவிட்டால் அது அழாது, அடுத்து எழுதுவதைச் சத்தமில்லாமல் மறுத்துவிடும். அப்போது பாதி வரி உள்ளே, பாதி வெளியே. இதற்கு ஒரே மருந்து, வரியைத் தொடங்க முதலே இடம் இருக்கிறதா என்று கேட்பது. இந்தச் சிப் எத்தனை இடம் மிச்சம் என்று சொல்லாது, வெறுமை, பாதி, நிறைவு என்று மூன்று கொடிகள் மட்டும் காட்டும். பாதிக் கொடி ஏறியிருந்தால் புதிய வரியை முழுதாகக் கைவிடு, ஏறவில்லை என்றால் முழுதாக எழுது என்று வைத்தேன். கைவிட்டதை ஓர் எண்ணில் கூட்டிக்கொண்டே வந்தேன். அந்த எண்ணைத் தொடக்கத்திலேயே வைத்திருந்தால் அன்ரெனாவுக்கு 20,000 கொடுத்திருக்க மாட்டேன். எத்தனை தொலைந்தது என்று சொல்லாத பெட்டியை நம்பி யாருக்கும் கொடுக்காதீர்கள். அதோடு, ஒவ்வொரு வரியின் கடைசியில் நட்சத்திரக்குறிக்குப் பின்னால் இரண்டு எழுத்துச் சரிபார்ப்பு எண் இருக்கிறது. ஆச்சரியக்குறிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் உள்ள எல்லாவற்றையும் எக்ஸ்-ஓர் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்து பார்த்தால் போதும், ஐந்து வரி நிரல். மாதக்கணக்கில் அதைச் சும்மா கார்டில் எழுதிக்கொண்டிருந்தேன், ஒரு நாளும் சரிபார்க்கவில்லை.

கைவிட்ட எண் பூச்சியமாகவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு என்று ஏறிக்கொண்டே இருந்தது. என் கணக்குப்படி பாதி என்றால் 512 பைட், 130 மில்லிவிநாடிக்குத் தாங்க வேண்டும். அப்புறம் ஒரு நாள் சந்தேகம் வந்து, சிப்பைத் தனியாக எடுத்து, ரீசெட் செய்து, நிறைவுக் கொடி விழும்வரை ஒவ்வொன்றாக எழுதி எண்ணினேன். 1024இல் விழ வேண்டிய கொடி 512இல் விழுந்தது! ஆறில் நான்கு அப்படி. அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தேன், 7202 என்ற எழுத்து கறுப்பாகப் பஞ்சில் வந்தது. இந்த வரிசையில் 7201 என்பது 512, 7202 என்பது 1024, கால்கள் எல்லாம் ஒரே இடத்தில். சின்னதைச் சுரண்டிப் பெரியதன் எண்ணை அச்சடித்து விற்றிருக்கிறார்கள். பழைய சிப் வாங்கினால் பூட்ட முதல் இந்த எண்ணிப் பார்க்கும் வேலையைச் செய்யுங்கள், பத்து நிமிடம்தான். நான் பூட்டிய பிறகு செய்ததால் 28 கால்களையும் ஈயம் உருக்கிக் கழற்றினேன்.

அன்று உண்மையில் அழுகை வந்தது. சிப் போனதற்கு இல்லை, இவ்வளவு பாடுபட்டும் தங்கச்சிக்குக் காட்ட ஒன்றும் இல்லையே என்று.

ஓகஸ்டில் இரண்டாவது முறை கொழும்புக்குப் போனேன், அதே நானாவின் கடை. ஊனோவை விட வலுவான ஈஎஸ்பி32 என்ற போர்ட் ஒன்று 2,800, பயத்தில் இரண்டு வாங்கினேன். அதன் சீரியல் வழிக்குச் சிப்புக்குள்ளேயே 128 பைட் ஃபைஃபோ இருக்கிறது. அதற்குப் பின்னால் ரேமில் 8192 பைட் வரிசை ஒன்றை ஒரே வரி நிரலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 8192 என்றால் இந்த வேகத்தில் இரண்டு விநாடி. கார்ட் கால் விநாடி தூங்கினாலும் கவலையில்லை. ஊனோவை விட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி, எஸ்பிஐ என்ற சீரியல் இணைப்பில் பேசும் எட்டுக் கால் ரேம் சிப்புகள். 23எல்சி1024 என்பது 128 கிலோபைட், நான்கு கம்பி போதும், 28 கால் இல்லை.

பெரிய பஃபருக்கும் ஒரு விலை உண்டு என்று மின்வெட்டு காட்டியது. பற்றரி இறங்கிப் பெட்டி அணைந்தால் ரேமில் நிற்பது எல்லாம் போய்விடும், கார்டில் பாதி எழுதிய கோப்பும் கெடும். ஆகவே 512 பைட் சேர்ந்தவுடன் எழுது, அரை நிமிடத்துக்கு ஒரு முறை கோப்பை மூடித் திற, பற்றரி 11.5 வோல்டுக்குக் கீழே போனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டு நிறுத்து என்று வைத்தேன். இந்த முறை மாடிக்கு ஏறும் முன்னமே, நீளமான வரிகளை மட்டும் ஒரு கோப்பில் சேர்த்து, கணினியில் இருந்து இடைவெளியே இல்லாமல் ஓர் இரவு முழுக்க அடித்தேன். மேசையில் ஜிபிஎஸ் ஓட்டிப் பார்த்த பழைய சோதனை சோதனையே இல்லை. அது 9600 போட்டில் வருவது, திரை ஓடும் 100 மில்லிவிநாடிக்குள் நூறு பைட் கூட வராது. போதாததற்கு வரிகள் நிறைந்திருப்பதை மட்டும் பார்த்தேன், ஒன்றையாவது கடைசி எழுத்து வரை வாசிக்கவில்லை.

காசுக் கணக்கு: அன்ரெனா வேலை 20,000, ஃபைஃபோ 15,500, இரண்டு ஊனோவும் வெரோபோர்டும் சில்லறையும் 11,000, கொழும்புப் பயணம் இரண்டுக்கும் 9,000, ஈஎஸ்பி32 5,600. மொத்தம் 61,100. ஏழு மாதத்துக்கு என் கூலி 3,900 ரூபாய். கடையில் திருத்தாமல் கிடந்த எக்கோ சவுண்டர்களுக்காகப் போய்விட்ட வாடிக்கையாளர்கள் இதில் சேரவில்லை.

செப்டம்பரில் பெட்டியை மாற்றிய அன்று தங்கச்சியும் மாடிக்கு வந்திருந்தார். பெரிய கப்பல் பெயரை ஆறு நிமிடத்துக்கு ஒரு முறைதான் சொல்லும். நாலு நிமிடம், அஞ்சு நிமிடம், நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "அண்ணா, வந்திட்டுது" என்றார். உட்துறைமுகத்தில் நின்ற கப்பலின் பெயரும் நீளமும் போகும் துறைமுகமும் முழுசாக. அவர் எட்டிப் பார்த்து, கப்பலின் முகப்பில் எழுதியிருந்த பெயரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பார்த்தார். கைவிட்ட எண்ணை நான் பார்த்தேன். பூச்சியம்.